நல்ல ஷூ இல்லாமல் ஓடத் தொடங்குவது எப்படி? முதல் பத்து வாரங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"நல்ல ஷூ வாங்கியதும் ஓட ஆரம்பிக்கிறேன்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஷூ வந்து சேர்வதற்குள் ஆசை ஆறிப்போய்விடுகிறது. இன்னொரு பக்கம், கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு முதல் நாளே மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டு, மறுநாள் படியிறங்க முடியாமல் "ஓட்டம் நமக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது வகை. கிடைத்த கேன்வாஸ் ஷூவோடு ஓடத் தொடங்கி, மூன்றாவது வாரம் பாதத்தின் மேல்பக்கத்தில் ஒரே இடத்தில் வலி கண்டு, ஆறு வாரம் உட்கார வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சாரம் ஒன்றுதான்: ஷூவில் எவ்வளவு குறைகிறதோ, அந்த அளவுக்குத் தூரத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொண்டு, பழகுவதற்கு எடுத்துக்கொள்ளும் நாட்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் ஷூ இல்லாதது ஓடாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

தொடங்கும் முன்

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு மங்கியிருப்பவர்கள் இந்த வழியைப் பின்பற்ற வேண்டாம். பாதத்தில் ஒரு சிராய்ப்பு ஏற்பட்டாலும் தெரியாமல் போகும். அது புண்ணாகிப் பெரிதாகும். அவர்களுக்குச் சரியான ஷூ ஓட்டத்துக்கு முந்தைய தேவை. இதய நோய் உள்ளவர்கள், நடக்கும்போதே நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வருபவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் கால் எலும்பு முறிந்து ஆறியவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

ஷூ உண்மையில் என்ன வேலை செய்கிறது?

நடக்கும்போது எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும். ஓடும்போது ஒரு கணம் இரண்டு கால்களுமே தரையில் இருக்காது. உடல் முழுவதும் காற்றில் எழும்பி, பிறகு ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. அந்தக் கணத்தில் கால் தாங்கும் விசை உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. மெதுவாக ஒரு கிலோமீட்டர் ஓடினாலே ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை இது நடக்கிறது.

ஓட்ட ஷூவின் தடித்த நுரை இந்த இறக்கத்தைக் கொஞ்சம் மெத்தென்று ஆக்குகிறது. பெரும்பாலான ஷூக்களில் முன்பக்கத்தைவிடக் குதிகால் பக்கம் சில மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். அதனால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் பின்பக்கத் தசைநாணுக்கும் கெண்டைக்கால் சதைக்கும் இழுவை குறைகிறது. தட்டையான ஷூ அணிந்தால் அந்தச் சுமை முழுவதும் உங்கள் சதைக்கும் தசைநாணுக்கும் பாத எலும்புகளுக்கும் திரும்பி வருகிறது. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் இருக்கின்றன. முன்பாதத்தில் இருப்பவை பென்சில் அளவுக்குத்தான் தடிமன்.

இவையெல்லாம் பழகக்கூடியவை. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றும் பழகும் வேகம் வேறு. மூச்சும் இதயமும் இரண்டு மூன்று வாரத்திலேயே முன்னேறிவிடும். சதைக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு. எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும் முறையும் விசித்திரமானது: முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. கரைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டும் வேலைக்குச் சில மாதங்கள் ஆகும். ஆகவே ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரத்திலிருந்து சில வாரங்களுக்கு எலும்பு முன்பைவிடச் சற்றுப் பலவீனமாக இருக்கிறது. அதே வாரங்களில்தான் மூச்சு வாங்குவது குறைந்து, "இன்னும் ஓடலாமே" என்று மனம் துள்ளும். எனக்கு வலி வந்தது சரியாக அந்த மூன்றாவது வாரத்தில். ஆறு வாரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அதன் காரணம் புரிந்தது.

வீட்டில் இருப்பதை எடுத்துப் பாருங்கள்

வீட்டிலிருக்கும் காலணிகளையெல்லாம் வெளிச்சத்தில் வரிசையாக வையுங்கள். நடைப்பயிற்சி ஷூ, பாட்மிண்டன் அல்லது டென்னிஸ் ஷூ, கேன்வாஸ் ஷூ, யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய ஓட்ட ஷூ, பின்பட்டை உள்ள சாண்டல். இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் தேறிவிடும். அடியில் குமிழ் உள்ள கால்பந்து ஷூ, அலுவலகத் தோல் ஷூ, பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்பு ஆகியவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். செருப்பு கழன்று விடாமலிருக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் அதைக் கவ்விப் பிடிக்கும். நடப்பதற்கு அது பழகிப்போயிருக்கலாம். ஓடும்போது உள்ளங்காலும் கெண்டைக்காலின் முன்பக்கச் சதையும் அதிலேயே சோர்ந்துவிடும்.

இப்போது ஒரு ஷூவைக் கையில் எடுங்கள். முனையையும் குதிகாலையும் இரண்டு கைகளால் பிடித்து மெல்ல மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில், அதாவது முன்பாதத்தில் மடங்கினால் நல்லது. நடுவில் சட்டென்று இரண்டாக மடங்கினால் அதன் உயிர் போய்விட்டது என்று அர்த்தம். மடங்கவே மாட்டேன் என்று விறைத்து நிற்பதும் வேண்டாம்.

அடுத்து ஷூவை மேசைமேல் வைத்து, பின்னாலிருந்து கண் மட்டத்தில் பாருங்கள். நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா? பிறர் பயன்படுத்திய ஷூவில் இந்தச் சோதனை மிக முக்கியம். அவர் காலின் பழக்கத்துக்கு அது தேய்ந்திருக்கும். சாய்ந்த ஷூ உங்கள் கணுக்காலையும் அதே பக்கம் சாய்க்கும். அடியைத் திருப்பி, குதிகாலின் வெளி ஓரத்தையும் உள் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். மேல் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நுரை தெரிந்தால் அதை விட்டுவிடலாம். பொதுவாக ஓட்ட ஷூக்கள் 500 முதல் 800 கிலோமீட்டர் வரைதான் தாங்கும் என்பார்கள். பல வருடம் அலமாரியில் சும்மா கிடந்த ஷூவாக இருந்தால் கட்டைவிரலால் நுரையை அழுத்துங்கள். கல்லாக இறுகிப்போயிருந்தாலோ, பசை விட்டு அடித்தகடு பிளந்திருந்தாலோ ஓட்டத்துக்கு ஆகாது.

கடைசியாக அளவு. உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிஞ்ச வேண்டும். பாதம் ஓரங்களில் வழியக் கூடாது. ஓட ஓடக் கால் வீங்கும், ஒவ்வொரு அடியிலும் சற்று முன்னால் நகரும். அந்த இடம் இல்லையென்றால் நகம் கறுத்துவிடும். இன்சோல் உருவ வராத ஷூவென்றால், ஒரு காகிதத்தில் பாதத்தை வரைந்து வெட்டி ஷூவின் அடிமேல் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு ஷூ தேறினால் எதை எடுப்பது? போட்டுக்கொண்டு பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடங்கள். எது காலில் இருக்கிறது என்பதே மறந்துபோகிறதோ அதை எடுங்கள். நுரையின் தடிமனைவிட இந்த வசதியை நான் அதிகம் நம்புகிறேன்.

லேஸும் சாக்ஸும்

சாதாரண ஷூவின் பெரிய குறை குதிகால் உள்ளே வழுக்குவது. லேஸ் கட்டும் முறையாலேயே இதைப் பெருமளவு சரிசெய்யலாம். ஷூவின் மேல் ஓரத்தில், மற்றத் துளைகளைவிடச் சற்றுப் பின்தள்ளி, பெரும்பாலும் யாரும் பயன்படுத்தாத ஒரு துளை இருக்கும். லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்தில் உள்ள அந்தத் துளைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் வையுங்கள். இரண்டு பக்கமும் இப்படியே. பிறகு ஒரு பக்க லேஸ் முனையை எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, இரண்டையும் கீழ்நோக்கி இழுத்து இறுக்கி வழக்கம்போல் முடிச்சிடுங்கள். கணுக்காலை யாரோ கையால் பிடித்ததுபோல் இருக்கும், முன்பக்கமோ இறுகாது. அந்தக் கடைசித் துளை இல்லாத ஷூ என்றால், இப்போதிருக்கும் மேல் துளையிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும். ஈரத் தோலும் உரசலும் சேர்ந்தால் கொப்புளம் நிச்சயம். செயற்கை இழை கலந்த சாக்ஸ் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மெல்லிய சாக்ஸ் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போடுங்கள். உரசல் இரண்டு துணிகளுக்கு நடுவில் நடந்து முடிந்துவிடும். குதிகாலிலும் விரலிடுக்கிலும் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். கொப்புளம் வந்துவிட்டால் சின்னதை உடைக்காதீர்கள். மேல்தோல்தான் அதற்கு நல்ல கட்டு.

நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் காயவையுங்கள். நெருப்புக்குப் பக்கத்திலோ கொளுத்தும் வெயிலிலோ வைத்தால் பசை விட்டுவிடும்.

எங்கே ஓடுவது

ஷூ மெல்லியதாக இருக்கும்போது தரையைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். சமமான, இறுகிய மண் பாதை எல்லாவற்றிலும் சிறந்தது. ஓட்டத் தடம் உள்ள மைதானம் கிடைத்தால் இன்னும் வசதி. ஒரே திசையில் சுற்றாமல் நடுவில் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

புல்தரை மெத்தென்று இருக்கும், ஆனால் குழியையும் கண்ணாடித் துண்டையும் மறைத்து வைத்திருக்கும். ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு ஓடுங்கள். தார்ச்சாலை மோசமில்லை. கான்கிரீட் அதைவிடக் கடினம். சாலையின் ஓரம் மழைநீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்டிருப்பார்கள். தினமும் அதே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இறங்கும். ஒரே முழங்காலில் மட்டும் வலி வருபவர்கள் முதலில் இதைக் கவனியுங்கள். வாகனம் இல்லாத, சமமான நடுப்பகுதி உள்ள பாதையாகப் பாருங்கள்.

மணலில் ஓடுவது மென்மையாயிற்றே என்று நினைக்கத் தோன்றும். காய்ந்த மணலில் குதிகால் ஆழமாகப் புதையும், குதிகால் நரம்பு அளவுக்கு மீறி இழுபடும். முதல் பத்து வாரத்துக்கு மணல் வேண்டாம். இறக்கத்தில் ஓடுவதும் வேண்டாம். சரிவு வந்தால் நடந்து இறங்குங்கள்.

கால் வைக்கும் விதம்

"முன்பாதத்தில் ஓடு", "குதிகாலில் இறங்காதே" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். புதிதாக ஓடுபவர் தன் பாதத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு ஓடினால் உடல் விறைத்துப்போகும். நான் இரண்டே விஷயங்களைச் சொல்வேன்.

ஒன்று, அடியைக் குறுக்குங்கள். காலை உடலுக்கு முன்னால் நீட்டி வைக்காமல், இடுப்புக்குக் கீழே வைப்பதுபோல் சின்னச் சின்ன அடிகள். நிமிடத்துக்கு 180 அடி என்றொரு எண் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. 1984 ஒலிம்பிக்கில் ஓடிய வீரர்களைப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் எண்ணிப் பார்த்ததிலிருந்து வந்தது அது. உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் போட்டியில் ஓடிய கணக்கு. மெதுவாக ஓடும் நமக்கு அந்த எண் இலக்காக வேண்டியதில்லை. ஒரு நிமிடம் உங்கள் அடிகளை எண்ணுங்கள். 155 வந்தால் 165 ஆக்கப் பாருங்கள். வேகத்தைக் கூட்டாமல் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

இரண்டு, காதால் கேளுங்கள். இதுதான் எனக்குக் கிடைத்த நல்ல ஆசான். தேய்ந்த ஷூவில், அமைதியான நேரத்தில் ஓடும்போது உங்கள் காலடி என்ன சொல்கிறது? "தொப்... தொப்" என்று விழுகிறதா, "சப்... சப்" என்று அறைகிறதா? பூனை நடப்பதுபோல் ஓசையைக் குறைத்துப் பாருங்கள். எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முழங்கால் தானாகக் கொஞ்சம் மடங்கும், அடி தானாகக் குறுகும், தோள் தளரும். ஓசை மறுபடி ஏறத் தொடங்கினால் சோர்வு வந்துவிட்டது என்று பொருள். அப்போது நடைக்கு மாறிவிடுங்கள். நிமிடக் கணக்கு இன்னும் மிச்சமிருந்தாலும் பரவாயில்லை.

பத்து வாரத் திட்டம்

வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு ஓட்ட நாட்களுக்கு நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஒவ்வொரு முறையும் முதல் 5 நிமிடம் விறுவிறுப்பான நடை, கடைசி 5 நிமிடம் மெதுவான நடை. கீழே கொடுத்திருப்பது நடுவில் செய்ய வேண்டியது.

முதல் இரண்டு வாரம் ஓடவே கூடாது. ஓடப்போகும் அதே ஷூவோடு வாரத்தில் நான்கு நாள், 30 நிமிடம் வேகமாக நடங்கள். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப்போகும் படி இதுதான். ஷூ எங்கே கடிக்கிறது, லேஸ் எங்கே அழுத்துகிறது என்பதெல்லாம் ஓட்டத்துக்கு முன்பே தெரிந்துவிடும். ஏற்கெனவே தினமும் அரை மணி நேரம் நடப்பவர்களுக்கு ஒரு வாரம் போதும்.

3-வது வாரம்: 30 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. எட்டு முறை.

4-வது, 5-வது வாரங்கள்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. ஏழு முறை. இரண்டு வாரமும் இதேதான். ஐந்தாவது வாரத்தில் இது மிகச் சுலபமாகத் தோன்றும். மேலே சொன்ன எலும்புக் கணக்கை நினைத்துக்கொண்டு, கூட்டாமல் இருங்கள்.

6-வது வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. ஐந்து முறை.

7-வது வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. நான்கு முறை.

8-வது வாரம்: வேண்டுமென்றே குறைக்கிறோம். 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. நான்கு முறை மட்டும்.

9-வது வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. மூன்று முறை.

10-வது வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இரண்டு முறை.

இதற்குப் பிறகு நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 20 நிமிடம் தொடர்ந்து ஓடுவதற்கு இன்னும் மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வாரமாவது கடினமாக இருந்தால் அதையே மறுபடி செய்யுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் ஒரு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். விட்டதைப் பிடிக்க ஒரே நாளில் இரண்டு மடங்கு ஓட வேண்டாம். வேகத்துக்கு ஒரே அளவுகோல்: ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பக்கத்தில் ஒருவர் விரைவாக நடந்து உங்களைத் தாண்டிப் போனாலும் போகட்டும்.

ஓடாத நாட்களில் பத்து நிமிடம்

ஷூ தராத ஆதரவைச் சதை தர வேண்டும். அதற்கு மூன்று பயிற்சிகள் போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி மூன்று விநாடியில் மெல்ல இறக்குங்கள். 12 முறை, இரண்டு சுற்று. சில வாரங்களில் ஒற்றைக் காலில் செய்யப் பாருங்கள். ஒற்றைக் காலில் 20 முறை நிதானமாகச் செய்ய முடிகிறவரின் கெண்டைக்கால் ஓட்டத்தை நன்றாகவே தாங்கும். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள், பிறகு கால் மாற்றுங்கள். உட்கார்ந்திருக்கும்போது தரையில் கிடக்கும் துண்டை விரல்களால் சுருட்டி இழுங்கள். மூன்றில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் முதலாவதைச் செய்யுங்கள்.

எந்த வலியோடு ஓடலாம், எந்த வலிக்கு நிறுத்த வேண்டும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

ஓடிய மறுநாள் இரண்டு கெண்டைக்காலும் இறுகி, அழுத்தினால் பரவலாக வலிக்கிறது. நடக்க நடக்கத் தளர்கிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறது. இது சதை பழகும் வலி. பயப்பட வேண்டாம். முழுதாகத் தணிந்த பிறகு அடுத்த ஓட்டம்.

வலி ஒரே காலில், ஒரே புள்ளியில், ஒற்றை விரலால் "இங்கேதான்" என்று தொட்டுக் காட்ட முடிகிற மாதிரி எலும்பின்மேல் இருக்கிறதா? ஓட ஓடக் கூடுகிறதா? படுத்திருக்கும்போதும் விண்விண் என்று தெறிக்கிறதா? அன்றே நிறுத்துங்கள். எனக்கு வந்தது இதுதான். இரண்டாவது விரலுக்கு நேராக, பாதத்தின் மேல்பக்கத்தில், ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு மட்டும் வலி. சுற்றிலும் எங்கே அழுத்தினாலும் ஒன்றுமில்லை; அந்த இடத்தில் விரல் பட்டால் உயிர் போகும். நான்கு நாள் அதோடே ஓடினேன். அந்த நான்கு நாளை ஆறு வாரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. எலும்பில் மயிரிழை விரிசல் விழுவதற்கு முன்னால் வரும் எச்சரிக்கை இப்படித்தான் இருக்கும். மருத்துவரிடம் போனால், தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம் என்பதை நினைவில் வையுங்கள். படம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் அதே புள்ளி இன்னும் வலிக்கிறது என்றால் ஓட வேண்டாம்.

வேறு மூன்று வலிகளும் அடிக்கடி வரும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எலும்பின் உள் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓட்டத்தைப் பாதியாக்கி மண் தரைக்கு மாறுங்கள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலின் அடியில் ஊசி குத்தினால், உள்ளங்காலின் திசுநாரில் சுமை கூடிவிட்டது. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற காலணி போடுங்கள், அந்த வலி தணியும்வரை தட்டையான ஷூவில் ஓடாதீர்கள். குதிகால் நரம்பு காலையில் விறைத்து, தொட்டால் தடித்திருப்பதுபோல் இருந்தால் ஓட்டத்தை ஒன்றிரண்டு வாரம் நடையாக மாற்றிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியை மெதுவாகத் தொடருங்கள். அங்கே திடீரென்று பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் "டப்" என்று விட்டுப்போனால் அது அவசரம், உடனே மருத்துவமனை.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. உடலின் ஒரே எச்சரிக்கை மணியை நாமே அணைத்துவிட்டால் பிறகு எதை நம்பி ஓடுவது?

அப்படியானால் வெறுங்காலோடு ஓடலாமா?

ஷூ இல்லையென்றால் வெறுங்காலே மேல் என்று சொல்பவர்கள் அபேபே பிகிலாவைக் காட்டுவார்கள். எத்தியோப்பியாவின் பிகிலா 1960-ல் ரோம் ஒலிம்பிக் மராத்தானை வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அன்றைய உலகின் மிகச் சிறந்த நேரம் அது. அவர் வெறுங்காலோடு ஓடியே பயிற்சி எடுத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து 1964-ல் டோக்கியோவில் அவரே ஷூ அணிந்து ஓடி, முன்பைவிட மூன்று நிமிடத்துக்கு மேல் குறைவான நேரத்தில் மறுபடியும் தங்கம் வென்றார். இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதிலிருந்தே வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்கும்போது வரும் திடீர் அதிர்ச்சி அவர்களுக்கு இல்லை என்று தெரிந்தது. பழகியவர்கள் என்பதுதான் அதில் முக்கியமான சொல். 2013-ல் வெளியான இன்னோர் ஆய்வில், அனுபவமுள்ள ஓட்டக்காரர்களையே 10 வாரத்தில் வெறுங்காலைப் போன்ற மெல்லிய ஷூவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். மாறியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் பாத எலும்புகளுக்குள் நீர் கோத்திருந்ததை ஸ்கேன் காட்டியது. அனுபவசாலிகளுக்கே இப்படி என்றால் முதல்முறை ஓடுபவருக்கு நான் என்ன சொல்வேன்?

ஆகவே வெறுங்காலை மருந்துபோல அளந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் முடிந்த பிறகு, சுத்தம் என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த புல்லிலோ தடத்திலோ, ஒரு நிமிடம். அடுத்த வாரம் இரண்டு நிமிடம். 5 நிமிடத்துக்கு மேல் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். இந்த நிமிடங்களையும் அன்றைய ஓட்டக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் காய்ந்த தார் உள்ளங்காலைப் பொசுக்கிவிடும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 10 ஆண்டுகள் ஆகியிருந்தால், போட்டுக்கொண்ட பிறகே வெறுங்கால். முடிந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை வெளிச்சத்தில் பாருங்கள்.

ஷூ வாங்கும் நாள் வரும்போது

பத்து வாரம் விடாமல் ஓடியவருக்கு ஒரு நன்மை உண்டு: தன் கால் எதைக் கேட்கிறது என்று அவருக்கே தெரியும். பழைய ஷூவின் அடித் தேய்மானத்தைப் பாருங்கள், எந்த விரல் இடித்தது, எங்கே கொப்புளம் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போங்கள். ஓடும்போது போடும் சாக்ஸோடு போங்கள். இரண்டு காலுக்கும் போட்டு, பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவை எடுங்கள். முன்னால் அதே கட்டைவிரல் அகலம். "போடப் போடச் சரியாகிவிடும்" என்று சொல்லும் ஷூவை வாங்காதீர்கள். கடையிலேயே நாலு எட்டு ஓடிப் பார்த்து, அங்கேயே வசதியாக இருக்க வேண்டும். விலை கூடினால் பாதுகாப்பு கூடும் என்று எண்ண வேண்டாம். காலில் பொருந்தும் சாதாரண ஷூ போதும்.

வாங்கியதும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கால் இப்போது தட்டையான ஷூவுக்குப் பழகியிருக்கிறது. புதியதன் உயர்ந்த குதிகாலும் தடித்த நுரையும் சுமையை வேறு இடத்துக்கு மாற்றும், குறிப்பாக முழங்காலுக்கு. முதல் இரண்டு வாரம் மூன்று ஓட்டத்தில் ஒன்றைப் புதிய ஷூவில் ஓடுங்கள், அடுத்த இரண்டு வாரம் இரண்டை. புதிய ஷூவின் மெத்தையில் வேகம் தானாகக் கூடும். அப்போதும் அதே 20 நிமிடம், அதே பேசிக்கொண்டே ஓடும் வேகம்.